கண்ணுக்குள் ரத்தம்: பரம்பரை விழித்திரை நோயில் எப்போது ஆபரேஷன், எப்போது பொறுமை

தூத்தூரிலிருந்து மணக்குடி வரை, சாயங்காலமானால் பந்து உருளாத கடற்கரை ஊர் குமரி மாவட்டத்தில் அபூர்வம். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கோல் காக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பந்து முகத்தில் பட்டுவிடுகிறது. வெளியே காயமில்லை, வீக்கம்கூட இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அம்மா கவனிக்கிறார், டி.வி. பார்க்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறான். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொன்னால், "ஒரே புகையா இருக்கும்மா" என்கிறான். நாகர்கோவில் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து, விளக்கடித்துப் பார்க்கிறார். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. அடுத்து அவர் அம்மாவிடம் கேட்பது பந்தைப் பற்றி அல்ல: "உங்க கூடப்பிறந்த ஆண்கள் யாருக்காவது சின்ன வயசிலேயே பார்வை குறைவா?"

கேள்வி சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். ஆனால் பந்து பட்டதற்கே ஒரு கண் உள்ளுக்குள் இப்படி ரத்தம் கொட்டுகிறதென்றால், அடிபடும் முன்பே அந்தக் கண்ணின் விழித்திரை பலவீனமாக இருந்திருக்கலாம். பிறப்பிலேயே வரும் விழித்திரை நோய்களில் சில இப்படித்தான் முதன்முதலாக வெளியே தெரியவரும். அந்த ரத்தம் என்ன செய்யும், எப்போது தானாகக் கரையும், எப்போது ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், ஆபரேஷன் அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே விளக்குகிறோம்.

கண்ணுக்குள் என்ன இருக்கிறது

கண்ணை ஒரு சிறிய தேங்காயாக நினைத்துக்கொள்ளுங்கள். சிரட்டை என்பது வெள்ளை விழி. சிரட்டையின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் பருப்பின் இடத்தில் விழித்திரை, அதாவது ரெட்டினா. கேமராவின் ஃபிலிம் போல ஒளியைப் பிடிக்கும் நரம்புத் தோல் அது. கால் மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். தேங்காய்க்குள் தண்ணீர் இருக்கும் இடத்தில், கண்ணில் விட்ரியஸ் என்ற தெளிந்த கூழ் நிறைந்திருக்கிறது. பெரியவர்கள் கண்ணில் ஏறக்குறைய 4 மி.லி. அதில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் வெறும் தண்ணீர், மிச்சம் நுண்ணிய நார்கள்.

அந்தக் கூழ் விழித்திரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் விதம் வயதோடு மாறும். முற்றிக் காய்ந்த தேங்காயில் கொப்பரை சிரட்டையை விட்டுக் கழன்று, குலுக்கினால் உள்ளே உருளும் இல்லையா? அறுபது வயதுக் கண்ணில் கூழ் சுருங்கி விழித்திரையை விட்டு விலகுவதும் அப்படித்தான். பச்சைத் தேங்காயிலோ பருப்பைக் கத்தி வைத்து நெம்பினாலும் துண்டு துண்டாகத்தான் வரும். குழந்தையின் கண் அப்படிப்பட்டது. விழித்திரையோடு கூழ் இறுக ஒட்டியிருக்கும். குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் ஏன் கடினம் என்பதற்குப் பாதி விடை இதுதான்.

ரத்தக் குழாய்கள் ஓடுவது விழித்திரையில். கூழில் குழாயே கிடையாது. ஆகவே கூழுக்குள் ரத்தம் இருந்தால் அது பெரும்பாலும் விழித்திரையிலிருந்து வந்தது. கசிவு கொஞ்சமாக இருந்தால் கண்முன் முடி பறப்பது போலவும் சிலந்தி வலை போலவும் தெரியும். கூடுதலானால் சிவப்போ கறுப்போ புகைமூட்டம். இன்னும் போனால் கையசைவு மட்டும்தான் தெரியும். வலி இருக்காது. கண் வெளியே சிவக்காது. குழந்தைகள் சொல்லாமல் விடுவதற்குக் காரணமே இதுதான், ஒரு கண் மறைந்தாலும் இன்னொரு கண்ணை வைத்துப் படிப்பும் விளையாட்டும் நடந்துவிடும். சந்தேகம் வந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்தி, சுவர்க் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். விரலிடுக்கு வழியாகப் பார்க்காமல் கவனித்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகள் அதில் கெட்டிக்காரர்கள்.

எந்தப் பரம்பரை நோய்கள்

பையன்களுக்கு வருவதில் முக்கியமானது எக்ஸ் குரோமோசோம் வழி வரும் ரெட்டினோஸ்கைசிஸ். தமிழில் விழித்திரைப் பிளவு என்று சொல்லலாம். 1898இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. காரணமான ஆர்.எஸ்.1 என்ற ஜீன் 1997இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஜீன் செய்யும் புரதம் விழித்திரையின் அடுக்குகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் பசை மாதிரி. பசை இல்லாவிட்டால் அடுக்குகள் பிரியும்.

வாழைப்பட்டை ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் அறை அறையாகக் காலி இடம், அறைகளுக்கிடையே மெல்லிய தடுப்புகள். விழித்திரையை ஒளியால் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் இந்தப் பையன்களின் விழித்திரை நடுப்பகுதி ஏறக்குறைய அப்படியே தெரியும். அநேகமாக எல்லோருக்கும் நடுப்பகுதியில் இந்தப் பிளவு உண்டு. அதனால்தான் பள்ளிக்கூடக் கண் பரிசோதனையில் கண்ணாடி போட்டும் எழுத்து தெளிவாகத் தெரியாத பையனாகப் பிடிபடுவார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓரப்பகுதியிலும், பெரும்பாலும் கீழ் வெளிப்பக்கத்தில், பெரிய பிளவு இருக்கும். ரத்தம் வருவது இந்த ஓரப் பிளவிலிருந்துதான். உள்தோல் மெலிந்து சல்லடையாகிவிடும். அதன்மேல் ஓடிய ரத்தக் குழாய்க்குக் கீழே தாங்க எதுவும் இல்லாமல், இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிய கொடிக்கயிறு போல அந்தரத்தில் தொங்கும். ஒட்டியிருக்கும் கூழ் அதை இழுக்கும். அந்த நிலையில் பந்து ஒன்று முகத்தில் பட்டால் போதும். சிலருக்கு ஒன்றும் படாமலேயே அறுந்துவிடும்.

இரண்டாவது நோய், சுருக்கப் பெயரில் ஃபெவர். காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கருவில் விழித்திரையின் ஓரம்வரை போய்ச் சேரவேண்டிய ரத்தக் குழாய்கள் பாதி வழியில் நின்றுவிடுவதுதான் கோளாறு. ரத்தம் எட்டாத பகுதி பட்டினி கிடந்து, புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லிச் சமிக்ஞை அனுப்பும். அப்படி அவசரத்தில் முளைக்கும் குழாய்கள் பூஞ்சையானவை, கசியும், உடையும், தழும்பாகி விழித்திரையை இழுக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய் போலவே இது இருக்கும், ஆனால் இவர்கள் நிறைமாதத்தில் பிறந்தவர்கள். ஆண் பெண் இருவருக்கும் வரும். குழந்தைக்கு இந்த நோய் என்றால் அப்பா அம்மாவுக்கும் கண் பார்க்க வேண்டும். தமக்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்தவரின் விழித்திரை ஓரத்தில் குழாய் நின்றுபோயிருப்பதைச் சாய ஆஞ்சியோகிராம் (சாயம் ஏற்றி ரத்தக் குழாய்களைப் படமெடுப்பது) காட்டிக்கொடுப்பது சாதாரணமாக நடப்பது.

மாலைக்கண்ணில் தொடங்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் ரத்தக் கசிவு அபூர்வம். அந்த நோய் உள்ள ஒருவருக்குக் கண்ணில் ரத்தம் வந்தால் வேறு காரணத்தையும் தேடவேண்டும்.

வளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணுக்குள் ரத்தம் என்றாலே பரம்பரை நோய் அல்ல. நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரைதான் முதல் சந்தேகம். இருபது முப்பது வயது ஆண்களுக்கு ஈல்ஸ் நோய், அதாவது விழித்திரை ரத்தக் குழாய்களில் வரும் அழற்சி, நம் நாட்டில் அதிகம், அதற்குக் காசநோய்க் கிருமியோடு தொடர்பு இருக்கலாம் என்பதால் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள்.

கத்தி எடுக்கும் முன்

பிளவு நோயில் வரும் ரத்தம் பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். ஆனால் மெதுவாக. கூழுக்குள் இருக்கும் ரத்தம் நாளொன்றுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு என்ற வேகத்தில்தான் வெளியேறும். தோலில் கன்றிப்போனது ஓரிரு வாரத்தில் மறைவது போல இங்கே எதிர்பார்க்கக்கூடாது. மாதக்கணக்கு ஆகும். அதுவரை தலையணை இரண்டு வைத்து, தலை உயர்ந்திருக்கும்படி படுக்கவேண்டும். ரத்தம் கீழே படிந்தால் நடுப்பகுதி தெளியும், டாக்டருக்கும் விழித்திரை தெரியும். ஓட்டம், பந்து, பாரம் தூக்கல் கூடாது. வேறு நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதைத் தானாக நிறுத்தக்கூடாது, கொடுத்த டாக்டரிடம் கேட்கவேண்டும்.

ரத்தத்தைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று ஒன்று கிடையாது. டார்சோலமைட் 2 சதவீதச் சொட்டு பிளவு நோயில் கொடுப்பதுண்டு. அது நடுப்பகுதியில் தேங்கிய நீரைக் குறைக்கத்தான். நந்தியாவட்டைச் சாறும் தாய்ப்பாலும் கண்ணில் விடுவதால் கூழுக்குள் எதுவும் போய்ச் சேராது, கருவிழியில் புண் வந்தால்தான் உண்டு. அடிபட்டால் வர்ம ஆசானிடம் போய்த் தடவுவது குமரியில் தலைமுறைப் பழக்கம். கைகால் பிசகுக்குப் போவது அவரவர் விருப்பம். கண்ணுக்குள் ரத்தம் இருக்கும்போது நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் அழுத்தித் தடவ மட்டும் அனுமதிக்காதீர்கள்.

ரத்தம் மறைத்து விழித்திரையே தெரியாவிட்டால் பி ஸ்கேன் எடுப்பார்கள். மூடிய இமைமேல் ஜெல் தடவி, கர்ப்பிணிக்கு வயிற்றில் வைப்பது போன்ற ஒலி ஸ்கேன். ஐந்து நிமிட வேலை, வலியில்லை. மூன்று கேள்விகளுக்கு அது விடை சொல்லவேண்டும்.

முதலாவது, கட்டி இருக்கிறதா? ஐந்து வயதுக்குள்ளான குழந்தைக்குக் கண்ணுக்குள் ஒன்றும் தெரியவில்லை என்றால், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி இல்லை என்று உறுதியாகும்வரை கண்ணுக்குள் கத்தி வைக்கக்கூடாது. அந்தக் கட்டி இருக்கும் கண்ணைத் துளைத்தால் புற்று வெளியே பரவி, கண்ணோடு போகவேண்டியது உயிருக்கே வந்து நிற்கும். கட்டிக்குள் சுண்ணாம்புத் துகள் படிந்திருந்தால் ஸ்கேனில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஆபரேஷனுக்கு அவசரப்படும் பெற்றோர் பலர் இந்த ஒரு படியைத்தான் வீண் தாமதம் என்று நினைக்கிறார்கள். எங்கள் கணக்கில் மொத்தச் சிகிச்சையிலும் தவிர்க்கவே முடியாத படி இதுதான்.

இரண்டாவது, விழித்திரை கழன்றிருக்கிறதா, பிளந்திருக்கிறதா? இரண்டும் ஸ்கேனில் கோடாகத்தான் தெரியும். கண்ணை அசைக்கச் சொன்னால் கழன்ற திரை காற்றில் வேட்டி போல அலையும், பின்னால் பார்வை நரம்பின் வாய்வரை ஒட்டியிருக்கும். பிளவின் உள்தோல் பெரும்பாலும் வழவழப்பான குவிமாடம் போல நிற்கும், அலையாது. இதில் தவறினால் வைத்தியமே தவறும். மூன்றாவது, ரத்தம் கூழில் மட்டுமா, பிளவின் அறைக்குள்ளும் தேங்கியிருக்கிறதா என்பது.

அடுத்த கண்ணையும் கட்டாயம் பார்க்கவேண்டும். ரத்தமில்லாத அந்தக் கண்ணின் ஓ.சி.டி.யில்தான் பெரும்பாலும் நோயின் பெயரே தெரியவரும். ஈ.ஆர்.ஜி. என்ற விழித்திரை மின்பதிவும், ஜீன் பரிசோதனையும் அதை உறுதிசெய்யும்.

எத்தனை நாள் பொறுக்கலாம்

விழித்திரை கழன்றிருந்தால் காத்திருப்பே இல்லை, நாள்கணக்கில் ஆபரேஷன். கண் அழுத்தம் ஏறி மருந்துக்கு அடங்காவிட்டாலும் அப்படியே. இரண்டு மூன்று வாரமானதும் சிதைந்த சிவப்பணுக்கள் காக்கி நிறத்தில் விறைத்துப்போய், கண்ணிலிருந்து நீர் வடியும் சல்லடையை அடைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். அதனால்தான் ரத்தம் கரையும் என்று வீட்டுக்கு அனுப்பினாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச்சொல்கிறார்கள். பார்வை எப்படி என்று கேட்பதற்காக மட்டுமல்ல, அழுத்தம் அளப்பதற்காக.

இவை எதுவும் இல்லை, ரத்தம் மட்டும் கரையாமல் நிற்கிறது என்றால் கணக்கு வயதைப் பொறுத்தது. வளர்ந்தவர் என்றால் இரண்டு மூன்று மாதம் பார்க்கலாம். ஏழெட்டு வயதுக்குள்ளான குழந்தைக்கு அவ்வளவு காலம் தரமுடியாது. அந்த வயதுவரை மூளை பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு கண்ணிலிருந்து படம் வராவிட்டால் அந்தக் கண்ணை மூளை ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்று சொல்வது அதைத்தான். பிறகு ரத்தத்தைச் சுத்தமாக எடுத்துக்கொடுத்தாலும் பார்வை வராது. குழந்தை எவ்வளவு சிறியதோ அவ்வளவு வேகமாக இது நடக்கும். கைக்குழந்தைக்குச் சில வாரங்களே அதிகம். நம் ஒன்பது வயதுப் பையன் அந்த எல்லையை ஏறக்குறைய தாண்டிவிட்டான். விழித்திரை ஒட்டியிருந்தால், ஒன்றிரண்டு மாதம் அவனுக்குப் பொறுத்துப் பார்ப்பதே நல்லது.

பொறுக்கச் சொல்வதற்குக் காரணம், பிளவு நோய்க் கண்ணில் ஆபரேஷனே புதுத் துளைகளைப் போட்டுவிடலாம் என்பது. ரத்தத்தை எடுப்பது சுலபம். எடுக்கும்போது அந்த மெலிந்த தோலைக் கிழிக்காமலிருப்பதுதான் கஷ்டம்.

ஆபரேஷன் அறைக்குள்

இந்த ஆபரேஷனுக்குப் பெயர் விட்ரெக்டமி, கூழை வெட்டி உறிஞ்சி எடுப்பது. 1970இல் அமெரிக்காவின் மயாமியில் ராபர்ட் மாக்கமர் தொடங்கிவைத்தார். அப்போதைய கருவிக்கு 2 மி.மீ.க்கு மேல் திறப்பு வேண்டியிருந்தது. இப்போது 25 கேஜ் கருவியின் தடிமன் அரை மி.மீ. தான்.

குழந்தைகளுக்கு முழு மயக்கம். அதற்கு வெறும் வயிறு வேண்டும். இட்லி, கஞ்சி போன்றவை ஆறு மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்தவேண்டும். பிள்ளை பசியில் அழுகிறதே என்று பாட்டி ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிட்டால் அன்றைய ஆபரேஷன் தள்ளிப்போகும். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சளி, காய்ச்சல் இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

முதலில் 5 சதவீத போவிடோன் அயோடின் கரைசலைக் கண்ணில் விட்டுச் சில நிமிடம் பொறுப்பார்கள். கண்ணுக்குள் கிருமி போகாமல் தடுப்பதில் ஆண்டிபயாடிக்கைவிட இது பெரிய காவல். பிறகு வெள்ளை விழியில் மூன்று சிறு துளைகள். ஒன்றில் உப்புநீர் உள்ளே வரும் குழாய், ஒன்றில் விளக்கு, மூன்றாவதில் வெட்டும் கருவி. துளை போடும் இடம் முக்கியம். பெரியவர்களுக்குக் கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை, 4 மி.மீ. தள்ளிப் போடுவார்கள். அங்கே லென்சும் இல்லை, விழித்திரையும் தொடங்கவில்லை. கைக்குழந்தைக்கு அந்த இடைவெளி இன்னும் வளர்ந்திருக்காது. அதே 4 மி.மீ. வைத்தால் நேரே விழித்திரையில் குத்திவிடும். ஆறு மாதத்துக்குள் என்றால் ஒன்றரை மி.மீ. அளவில் போடுகிறார்கள். முன்னால் கொண்டுவந்தால் லென்ஸ் கிட்ட வருகிறது, கருவி அதைத் தொட்டால் புரை. ஒரு மில்லிமீட்டர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் விஷயம்.

உப்புநீரைத் திறக்கும் முன், குழாயின் நுனி கூழுக்குள்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யவேண்டும். பிளவு நோயில் உப்பிய தோல் முன்னால் வந்து நிற்கும்போது குழாய் நுனி பிளவின் அறைக்குள் இறங்கிவிடலாம். அப்படியே தண்ணீரைத் திறந்தால் பிளவு பலூன் போல ஊதிப் பெருக்கும்.

வெட்டும் கருவி ஒரு ஊசிக்குழாய். நுனிக்குப் பக்கத்தில் சிறு வாய். அதற்குள் கத்தி நிமிடத்துக்கு 5,000 முதல் 10,000 முறை போய்வரும். வெட்டாமல் உறிஞ்சினால் கூழ் நாராக வந்து விழித்திரையையும் சேர்த்து இழுக்கும், அதனால்தான் இந்த வேகம். முதலில் நடுக்கூழ். பிறகு பின்பக்கம் படிந்து கிடக்கும் ரத்தத்தை மென்மையான நுனிக் குழாயால் உறிஞ்சுவார்கள். சேறு தெளிந்த குளம் போல விழித்திரை அப்போதுதான் கண்ணுக்குப் புலப்படும்.

அடுத்ததுதான் நெருக்கடியான கட்டம். விழித்திரையோடு ஒட்டியிருக்கும் கூழின் கடைசிப் படலத்தைப் பிரிக்கவேண்டும். படலம் கண்ணாடி போலத் தெளிவு, தெரியாது. ட்ரையம்சினோலோன் என்ற வெள்ளைத் துகள் மருந்தைத் தூவினால், மாவு தூவிய கண்ணாடி போலத் தெரியவரும். வயதானவர்களுக்கு உறிஞ்சினாலே பிரிந்துவிடும். சிறுவனுக்கு அது பச்சைத் தேங்காய்தான். எங்கே எளிதாக வருகிறதோ அங்கே பிரித்து, வராத இடத்தில் இழுக்காமல் குட்டையாக வெட்டிவிட்டு விடுவதே அனுபவமுள்ள கை. முழுதாக எடுத்தே தீருவேன் என்று இழுத்தால் துளை விழும். சிறுவர் கண்ணில் துளை விழுந்தால் தழும்புச் சவ்வு மளமளவென்று வளரும், விழித்திரையைச் சுருட்டிவிடும்.

ரத்தம் கசிந்த குழாயைக் கண்டுபிடித்து மின்சூட்டால் அடைப்பார்கள். பாதியில் மறுபடி ரத்தம் வந்தால், உப்புநீரின் அழுத்தத்தை 25, 30இலிருந்து 60 மி.மீ. பாதரச அளவு வரை கொஞ்ச நேரத்துக்கு ஏற்றுவார்கள், கசியும் வாய் அமுங்கி உறையும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அதற்குமேல் நீட்டினால் பார்வை நரம்புக்குப் போகும் ரத்தமே நின்றுபோகும். பெரிய பிளவுக்குள் ரத்தம் தேங்கியிருந்தால் உள்தோலில் ஒரு திறப்பு வைத்து அதை வடிப்பதுண்டு. உள்தோலின் ஒரு பகுதியையே எடுத்துவிடுவதும் உண்டு. அந்த இடத்தில் பார்வை முன்பே போயிருக்கும், ஆனால் எடுக்கும் எல்லை பெரிதானால் இழப்பும் பெரிது. எவ்வளவு எடுப்பது என்பதில் டாக்டர்களிடையே ஒரே கருத்து இல்லை.

லேசரிலும் இதே எச்சரிக்கை. ஃபெவர் நோயில் ரத்தம் எட்டாத ஓரத்தை லேசரால் சுட்டுவிடுவது நல்ல வைத்தியம். பட்டினிச் சமிக்ஞை நின்றுபோகும், புதுக் குழாய் முளைக்காது. பிளவு நோயில், துளையும் கழற்சியும் இல்லாத பிளவுத் தோலை முன்னெச்சரிக்கையாக லேசரால் சுடுவது புதுத் துளைகளை உண்டாக்கி, இல்லாத கழற்சியை வரவைக்கலாம். ஒரு நோய்க்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதல். நோயின் பெயரை முதலில் உறுதிசெய்ய அலைவது இதற்காகத்தான்.

கடைசியாகக் கண்ணை எதைக் கொண்டு நிரப்புவது? துளையில்லாமல் முடிந்தால் உப்புநீரே போதும், கண் தன் நீரைத் தானே சுரந்துகொள்ளும். துளையோ கழற்சியோ இருந்தால் உள்ளிருந்து அழுத்திப்பிடிக்க வாயு அல்லது சிலிக்கோன் எண்ணெய். எஸ்.எஃப்.6 வாயு இரண்டு வாரத்தில் கரையும், சி3எஃப்8 ஆறு முதல் எட்டு வாரம் நிற்கும். எண்ணெய் தானாகக் கரையாது. சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் செய்து எடுக்கவேண்டும். குப்புறப்படுக்கச் சொன்னால் கேட்காத சிறுபிள்ளைக்கு எண்ணெய்தான் தோது. துளைகளைப் பெரியவர்களுக்குத் தையலில்லாமல் விடுவதுண்டு, கண்ணைக் கசக்கும் குழந்தைக்குக் கரையும் நூலால் ஒரு தையல் போட்டுவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்தபின்

வாயு வைத்திருந்தால் முதல் விதி, உயரமான இடத்துக்குப் போகக்கூடாது. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் இருக்கும் வாயு விரியும். கொடைக்கானல் உயரமான 2,100 மீட்டரில் கால் பங்குக்கு மேல் விரியும். கண் அழுத்தம் எகிறி, வலியோடு சில மணி நேரத்தில் பார்வையே போகலாம். விமானத்துக்குள்ளும் ஏறக்குறைய அதே நிலைதான். குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார், லீவு முடிகிறது, டிக்கெட் போட்டாயிற்று என்று திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிடுவார்கள். ஏறக்கூடாது. வாயு முழுதும் கரைந்தது என்று டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை டிக்கெட்டைத் தள்ளிவையுங்கள். திருநெல்வேலியில் ஆபரேஷன் முடித்து ஆரல்வாய்மொழி வழியாகக் காரிலோ பஸ்ஸிலோ திரும்புவதில் உயரத்தால் சிக்கல் இல்லை, கணவாய் தாழ்வானது. அதே காலத்தில் வேறு எதற்காவது மயக்கம் கொடுக்க நேர்ந்தால் கண்ணில் வாயு இருப்பதை முதலில் சொல்லவேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு கண்ணுக்குள் போய் அதையும் விரியவைக்கும். கண்ணில் வாயு இருப்பதைச் சொல்லி மணிக்கட்டில் கட்டிவிடும் பட்டையை அதனால்தான் கழற்றக்கூடாது.

குப்புறப்படுக்கச் சொன்னால் எத்தனை நாள், நாளில் எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டிபயாடிக் சொட்டு ஒரு வாரம் போல, ஸ்டீராய்டு சொட்டு நான்கைந்து வாரம் படிப்படியாகக் குறைத்து. ஸ்டீராய்டை நீங்களாக நீட்டினால் அழுத்தம் ஏறும், பட்டென்று நிறுத்தினால் அழற்சி திரும்பும். ஒரு மாதம்வரை கடலிலும் குளத்திலும் திற்பரப்பு அருவியிலும் குளியல் இல்லை. தலைக்கு ஊற்றும்போது நெற்றிக்குக் கீழே தண்ணீர் வராமல், தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுங்கள்.

கண்ணில் கொஞ்சம் உறுத்தல், சிவப்பு, முதல் சில நாள் மங்கல் இவை இருக்கும். வலி குறைந்துவந்து மறுபடி கூடினால், இமை வீங்கிப் பீளை தள்ளினால், தெரிந்த பார்வை மங்கினால், ஒரு ஓரத்திலிருந்து திரைச்சீலை இறங்குவது போலிருந்தால், அன்றைக்கே போகவேண்டும். கிருமித்தொற்று ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வரும், வந்தால் மணிக்கணக்கில் கண்ணைக் கெடுக்கும். கொஞ்ச காலம் கழித்துப் புரை வருவது, மறுபடி ரத்தம் கசிவது, விழித்திரை கழல்வது ஆகியவை இதைவிட அதிகம் நடப்பவை.

சிறுபிள்ளைக்கு ஆபரேஷனுக்குப் பிறகுதான் பாதி வேலை. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் பேண்டேஜால் மூடி, மங்கலான கண்ணைப் பார்க்கப் பழக்கவேண்டும். பிள்ளை அழும், பிய்த்தெறியும். மூடும் நேரத்தில் கலர் அடிப்பதோ கார்ட்டூனோ கொடுத்தால் கொஞ்சம் ஓடும்.

ஆபரேஷன் பிளவு நோயைக் குணமாக்காது. ரத்தத்துக்கு முன்பு எவ்வளவு பார்வை இருந்ததோ, அதிகபட்சம் அங்கேதான் திரும்பிப் போகமுடியும். இந்த நோய்க்கு ஜீன் சிகிச்சை ஆராய்ச்சியில் இருக்கிறது, கடைக்கு வரவில்லை. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற விழித்திரை ஜீன் மருந்து ஆர்.பி.இ.65 என்ற வேறொரு ஜீன் கோளாறுக்கானது. ஸ்டெம்செல் ஊசி போட்டுச் சரியாக்குகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் எந்த நோய்க்கு, எந்த அரசு அனுமதியோடு என்று கேளுங்கள். பார்வைக் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பரீட்சையில் கூடுதல் நேரம், எழுதுபவர் உதவி எல்லாம் அதைக்கொண்டு வரும்.

அம்மாவன் வழி

இனி டாக்டர் கேட்ட அந்தக் கேள்வி. பிளவு நோயின் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அம்மாவிடம் இரண்டு எக்ஸ் இருப்பதால், ஒன்று கெட்டாலும் இன்னொன்று சமாளித்துவிடும், அவருக்கு அநேகமாக எந்தத் தொந்தரவும் தெரியாது. ஆகவே நோய் அம்மாவைத் தாண்டி அவரது அண்ணன் தம்பியிடம் தெரியும். நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் சொத்து அம்மாவனிடமிருந்து, அதாவது தாய்மாமனிடமிருந்து, அக்கா தங்கை மகனான மருமகனுக்குப் போயிற்று, மருமக்கள்வழி என்றார்கள். இந்த நோய் வெளிப்படுவதும் அதே பாதையில்தான். அம்மாவன் கொடுத்தார் என்று மட்டும் நினைக்கவேண்டாம். பாட்டியிடமிருந்து அவருக்கும் வந்தது, அக்காவுக்கும் வந்தது, அக்கா வழியாக மருமகனுக்கு வந்தது. சில வீடுகளில் அம்மாவன் நாற்பது வருடமாக "கண்ணு கொஞ்சம் கம்மி" என்றே காலத்தை ஓட்டியிருப்பார், பெயர் தெரியாமல்.

ஜீனைச் சுமக்கும் அம்மாவுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் சுமப்பவளாக இருக்க இரண்டில் ஒரு பங்கு. நோயுள்ள ஆணுக்குப் பிறக்கும் மகன்களுக்கு அவரிடமிருந்து வராது, மகள்கள் எல்லோரும் சுமப்பார்கள். இங்கேதான் முறைப்பெண் கணக்கு குறுக்கே வருகிறது. நோயுள்ள மருமகனுக்கு, நோயுள்ள அம்மாவனின் மகளைக் கட்டிவைத்தால், அப்பா பக்கமும் கெட்ட எக்ஸ், அம்மா பக்கமும் ஒன்று. பிறக்கும் பெண் பிள்ளைகளிலும் இரண்டில் ஒருவருக்கு நோய் வரலாம். பெண்களுக்கு இந்த நோய் அபூர்வம், வந்தால் முக்கியமான வழி இது. கல்யாணப் பேச்சு எழும் முன்பே ஜீன் பரிசோதனை செய்து, மரபியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தக் கோல்கீப்பர் பையனுக்கு ஒரு தம்பி இருந்தால், அவன் நன்றாகத்தான் ஓடியாடுகிறான் என்று விடாமல் அதே வாரம் அவனையும் கூட்டிப்போய் பாப்பா விரித்துப் பாருங்கள். அவனுக்கும் ஓரப் பிளவு இருந்தால் ஃபுட்பால், கபடி, அடிமுறைச் சண்டைப் பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்தி ஓட்டம், செஸ், கேரம் என்று மாற்றவேண்டும். அடம்பிடித்தால் குறைந்தபட்சம் பாலிகார்பனேட் விளையாட்டுக் கண்ணாடி போட்டுவிடுங்கள். சாதாரண கண்ணாடியோடு கோல் காக்க விடுவது, கண்ணாடியே போடாமல் விடுவதைவிட மோசம்.